பழைய இமேஜும் புதிய பாஸ்வேர்டும்

மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, "கவிதையா?" என்றேன். "கவிதை ஏற்கெனவே பதினேழு வந்தாச்சு. அதுல பதினாலு காதல் தோல்வி. நீயாவது உருப்படியா ஒண்ணு எழுதுடா" என்றான். நானும் ஒரு தோல்வியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இதிலும் ஒரு உறவு முறிகிறது. ஆனால் முறிந்தது கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நடுவில். முறித்தவன் நான்.

போன செமஸ்டர் போர்டு பிராக்டிகலுக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இது. எங்கள் லேபில் மொத்தம் 36 சிஸ்டம். அதில் 11 சிஸ்டம் படுமோசம். சிலதில் கம்பைலர் ஓடாது, சிலதில் டிஸ்க் நிரம்பி வழிகிறது, ஒன்று பூட் ஆவதற்குள் கேண்டீன் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். லேப் அண்ணன் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தலையில் கை வைத்திருந்தார். "அண்ணே, நீங்க மத்ததைப் பாருங்க, இந்தப் பதினொண்ணுக்கும் நான் இமேஜ் போட்டுடறேன்" என்று நானாகத்தான் முன்வந்தேன்.

இமேஜ் என்றால் என்ன என்று முதல் வருஷத் தம்பி தங்கைகளுக்காக ஒரு வரி. ஒரு கம்ப்யூட்டரின் டிஸ்க் முழுவதையும், விண்டோஸ், சாஃப்ட்வேர், செட்டிங், எல்லாவற்றையும் அப்படியே ஒரு ஃபைலாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதுதான் இமேஜ். சிஸ்டம் கெட்டுப் போனால் அதைத் திரும்ப டிஸ்க்கில் இறக்கிவிடலாம். எங்கள் லேபில் இதை இன்னும் "கோஸ்ட் அடிப்பது" என்றுதான் சொல்வார்கள். 1990-களில் கோஸ்ட் என்ற சாஃப்ட்வேர் இதற்குப் பேர் போனது. 1998-இல் அதை சைமான்டெக் வாங்கி நார்ட்டன் கோஸ்ட் ஆக்கியது. நாங்கள் பயன்படுத்துவது குளோன்ஸில்லா. தைவானில் உருவானது, காசு கிடையாது. ஆனாலும் பேர் என்னவோ கோஸ்ட்தான்!

ஜூனில் காலேஜ் திறந்தபோது அண்ணன் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனியாக இமேஜ் எடுத்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தார். அதிலிருந்து பதினொன்றையும் இறக்கி முடிக்கும்போது ராத்திரி எட்டரை. கடைசி டவுன் பஸ் எட்டே முக்காலுக்கு. எல்லாவற்றிலும் லாகின் திரை பளிச்சென்று வந்தது. ஷட் டவுன் கொடுத்துவிட்டு ஓடினேன். ஒன்றிலாவது லாகின் பண்ணிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு அண்ணன் போன் பண்ணினார். "டேய், என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்று கேட்டார், அவ்வளவுதான். ஓடிப்போய்ப் பார்த்தால், ஒன்பது சிஸ்டத்தில் எந்த மாணவன் பேரைப் போட்டாலும் ஒரே செய்தி. "த டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் பிட்வீன் திஸ் வொர்க்ஸ்டேஷன் அண்ட் த பிரைமரி டொமைன் ஃபெயில்டு." அதாவது இந்தக் கம்ப்யூட்டருக்கும் டொமைனுக்கும் இருந்த நம்பிக்கை உறவு அறுந்துவிட்டது. ஒன்பதரைக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வருகிறார். முதல் பேட்ச் பசங்கள் வராந்தாவில் ரெக்கார்டு நோட்டோடு நிற்கிறார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிஸ்டம் கெட்டுப் போய்விட்டது, ஃபைன் கட்டு என்று சொன்னால்? அப்பா லாரி ஆபீஸில் லோடுமேன். வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். போன் பண்ணி "இது என்னப்பா எர்ரர்?" என்று கேட்க மாமாவோ சித்தப்பாவோ கிடையாது. அன்றைக்குத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களில் நிறைய பேர் என் மாதிரிதான் என்று எனக்குத் தெரியும்.

டொமைன் என்பதை முதலில் பார்ப்போம். 36 சிஸ்டத்திலும் 36 தடவை யூசர் பேர் உண்டாக்காமல், சர்வரில் ஒரே இடத்தில் எல்லாருடைய கணக்கையும் வைத்திருப்பது டொமைன். அந்த சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பேர், அதில் உள்ள பதிவேடு ஆக்டிவ் டைரக்டரி. நமக்கு யூசர் நேமும் பாஸ்வேர்டும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது என்னவென்றால், கம்ப்யூட்டருக்கும் தனியாக ஒரு கணக்கும் ஒரு பாஸ்வேர்டும் உண்டு! நாம் யாரும் அதை டைப் அடிப்பதில்லை. டொமைனில் சேர்க்கும்போது அதுவாகவே உண்டாகிறது. 120 எழுத்து நீளம், எந்த மனுஷனாலும் ஞாபகம் வைக்க முடியாத கண்டபடி எழுத்துக்கள். ஒரு பிரதி சர்வரில், ஒரு பிரதி அந்தக் கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியில் ஒளித்து வைத்த ஒரு பகுதியில். சிஸ்டம் ஆன் ஆனதும், நாம் லாகின் பண்ணுவதற்கு முன்னாலேயே, அது இந்த பாஸ்வேர்டை வைத்து சர்வரிடம் தான் யார் என்று நிரூபித்து ஒரு பாதுகாப்பான வழியைத் திறந்து வைக்கிறது. அந்த வழியாகத்தான் நம் பேரும் பாஸ்வேர்டும் போய்ச் சரிபார்த்து வருகிறது. அந்த வழி திறக்காவிட்டால் நம் பாஸ்வேர்டு சரியா தப்பா என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தப் பாஸ்வேர்டு மாறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் முக்கியமான விஷயம். விண்டோஸ் என்.டி. காலத்தில் 7 நாளுக்கு ஒரு தடவை மாறியது. விண்டோஸ் 2000-இலிருந்து, நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், 30 நாளுக்கு ஒரு தடவை. மாற்றுவது சர்வர் இல்லை, கம்ப்யூட்டர்தான். நாள் ஆனதும் அதுவே புதுசு ஒன்றைத் தயார் பண்ணி, தன்னிடமும் எழுதிக்கொண்டு, சர்வரிடமும் சொல்லிவிடுகிறது. யாரையும் கேட்பதில்லை, திரையில் ஒரு அடையாளமும் தெரியாது.

எங்கள் வீட்டில் மளிகைக்கடைக் கடன் நோட்டு ஒன்று உண்டு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் சின்ன வயசிலிருந்தே நோட்டு என் பொறுப்பு. சாமான் வாங்கும்போதெல்லாம் அண்ணாச்சி எங்கள் நோட்டில் ஒரு வரி, தன் பேரேட்டில் ஒரு வரி எழுதுவார். இரண்டும் ஒத்துப் போகிற வரைக்கும் பேச்சே இல்லை. இப்போது ஏதோ மாயம் நடந்து எங்கள் நோட்டு மட்டும் ஜூன் மாசத்துக்குப் போய்விட்டது என்று வையுங்கள். பேரேடு அக்டோபரில் இருக்கிறது. நான் அதே பையன், அதே வீடு, அதே நோட்டு. ஆனால் கடைசி வரி ஒத்துப் போகாது. அண்ணாச்சிக்காவது என் முகம் தெரியும், "சரி விடு தம்பி" என்பார். சர்வருக்கு முகம் தெரியாது. அதற்குக் கடைசி வரி ஒன்றுதான் அடையாளம்.

நான் செய்தது அந்த மாயத்தைத்தான். இமேஜ் இறக்கும்போது ரெஜிஸ்ட்ரியும் சேர்ந்து ஜூனுக்குப் போய்விட்டது, கூடவே ஜூன் மாசத்துப் பாஸ்வேர்டும். சர்வரிடம் இருப்பதோ அதற்கப்புறம் மூன்று நாலு தடவை மாறியது. கம்ப்யூட்டரின் பேர் அப்படியே இருக்கிறது, தான் டொமைனில் இருப்பதாகவே அது நினைக்கிறது. சர்வரிலும் அந்தப் பேரில் கணக்கு பத்திரமாக இருக்கிறது. ஆகவே "டொமைன் போயிடுச்சு" என்று நாம் சொல்வது சரியில்லை. இரண்டு பக்கமும் உறுப்பினர் கணக்கு இருக்கிறது, தாக்கல்தான் ஒத்துப் போகவில்லை.

அப்படியானால் பதினொன்றில் இரண்டு மட்டும் எப்படிப் பிழைத்தன? எனக்கு விஷயம் புரிந்ததே அந்த இரண்டால்தான். அந்த இரண்டுக்கும் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் புது எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸ் ஏற்றி, டொமைனில் சேர்த்து, அன்றைக்கே இமேஜ் எடுத்திருந்தார் அண்ணன். 30 நாள் ஆகவில்லை, பாஸ்வேர்டு மாறவில்லை, இமேஜில் இருப்பதும் சர்வரில் இருப்பதும் ஒன்றுதான். மற்ற ஒன்பதும் ஜூன் இமேஜ். ஆக, இமேஜில் பழுது எதுவும் இல்லை. அதற்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதில் ஒரு தப்பான நம்பிக்கையும் உண்டு. கோடை லீவில் இரண்டு மாசம் அணைத்தே வைத்தால் சிஸ்டம் டொமைனிலிருந்து விழுந்துவிடும் என்று சீனியர்கள் சொல்வார்கள். விழாது. மாற்றுவது கம்ப்யூட்டர் என்பதால், அது தூங்கினால் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். சர்வர் தானாக அதைக் காலாவதி ஆக்குவதில்லை. லீவு முடிந்து ஆன் பண்ணினால் பழைய பாஸ்வேர்டிலேயே உள்ளே போய், பிறகு மாற்றிக்கொள்ளும். யாராவது அந்தக் கணக்கையே சர்வரில் அழித்தால்தான் ஆபத்து. கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் கெடாது. பின்னோக்கிப் போனால்தான் கெடும்.

சரி, எட்டே முக்கால் மணிக்கு வருவோம். அண்ணனுக்கு முதலில் தோன்றியது, ஒவ்வொன்றையும் டொமைனிலிருந்து எடுத்து வொர்க்குரூப்பில் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, மறுபடி சேர்த்து, மறுபடி ரீஸ்டார்ட். இது வேலை செய்யும், சந்தேகமே இல்லை. பெரும்பாலான இடங்களில் செய்வதும் இதுதான். ஆனால் ஒன்பது சிஸ்டத்துக்கு நேரம் போதாது. இதில் வேறு இரண்டு வம்பும் உண்டு. வெளியே எடுக்கும் முன் அந்தச் சிஸ்டத்தின் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே எடுத்தபின் யாராலும் உள்ளே போக முடியாது. இன்னொன்று, 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு, வேறொருவர் உண்டாக்கிய கம்ப்யூட்டர் கணக்கில் அதே பேரில் சேர்க்கப் போனால் விண்டோஸ் மறுத்துவிடலாம். உடனே சிலர் சர்வரில் பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதுசாகச் சேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் பேர் அதேதான், ஆனால் உள்ளே இருக்கும் அடையாள எண் புதுசு. அந்தக் கம்ப்யூட்டர் எந்தெந்தக் குரூப்பில் இருந்ததோ அதெல்லாம் போய்விடும்.

இதற்குள் உதவிக்கு வந்த ஒருவர் சர்வரில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பேர் மேல் ரைட் கிளிக் பண்ணி "ரீசெட் அக்கவுன்ட்" என்று இருந்ததை அமுக்கினார். பேரைப் பார்த்தால் நமக்கு அதுதான் மருந்து என்று தோன்றும். அது சர்வர் பக்கத்தில் மட்டும் பாஸ்வேர்டை மாற்றி வைக்கிறது, கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. பேரேட்டில் மட்டும் கிழித்துவிட்டு எழுதினால் நோட்டு எப்படி ஒத்துப் போகும்? நல்ல சிஸ்டத்தின் மேல் அதை அமுக்கினால் அதுவும் விழுந்துவிடும். தயவுசெய்து அமுக்காதீர்கள்.

கடைசியில் வழி சொன்னவர் துறைத் தலைவர் சார். திட்டுவார் என்று நினைத்தேன். "இமேஜ் தேதி என்னப்பா?" என்று மட்டும் கேட்டார். ஜூன் என்றதும் தலையை ஆட்டிவிட்டு, லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டராக உள்ளே போகச் சொன்னார். பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் என்று அடிக்கச் சொன்னார். டெஸ்ட்டுக்கு அப்புறம் ஒரு ஹைஃபன், மற்ற மூன்று வார்த்தையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி இருக்கும். "ஃபால்ஸ்" என்று வந்தது. அதாவது தாக்கல் இல்லை. பிறகு அதே கட்டளையோடு ஒரு இடைவெளி விட்டு -ரிப்பேர், இன்னொரு இடைவெளி விட்டு -கிரெடென்ஷியல், அதன்பின் டொமைன் அட்மின் பேர். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்தது, சார் தானே அடித்தார். கொஞ்ச நேரத்தில் "ட்ரூ" என்று வந்தது. அந்த ஒரு வார்த்தையை நான் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருப்பேன்!

இது என்ன செய்கிறது? கணக்கை மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவரின் சாட்சியத்தோடு, புது பாஸ்வேர்டு ஒன்றை நோட்டிலும் பேரேட்டிலும் ஒரே நேரத்தில் எழுதுகிறது. கணக்கு பழசேதான், அடையாள எண் பழசேதான், குரூப் எல்லாம் அப்படியே. வெளியே எடுக்க வேண்டாம், திரும்பச் சேர்க்க வேண்டாம். ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம். சார் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் என்று எட்டு சிஸ்டமும் ஒன்பதே காலுக்குள் எழுந்துவிட்டன.

ஒன்பதாவது முரண்டு பிடித்தது. பார்த்தால் அதன் கடிகாரம் பல வருஷம் பின்னால். போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி, சி.ஆர். 2032, செத்துப் போயிருந்தது. டொமைனில் ஆள் அடையாளம் பார்க்கும் கெர்பெரோஸ் முறை, சர்வர் நேரத்துக்கும் கம்ப்யூட்டர் நேரத்துக்கும் 5 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சாதாரணமாக ஏற்காது. நேரத்தைச் சரி பண்ணிவிட்டுத் திரும்ப ஓட்டினோம், வந்துவிட்டது. இமேஜ் போட்ட பிறகு முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

எக்ஸாமினர் வந்தபோது 36-ம் ஓடிக்கொண்டிருந்தது. நான் முதல் பேட்ச் இல்லை, இரண்டாவது. அந்த இடைவெளியில் கேண்டீன் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு வாரம் கழித்து, இனி இப்படி ஆகாமல் இருக்க என்ன வழி என்று சாரும் அண்ணனும் நானும் பேசினோம். வழி ஒன்றில்லை, பல உண்டு. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறையும் உண்டு.

பாஸ்வேர்டு மாறுவதையே நிறுத்திவிடலாம். குரூப் பாலிசியில் "டொமைன் மெம்பர்: டிஸேபிள் மெஷின் அக்கவுன்ட் பாஸ்வேர்டு சேஞ்சஸ்" என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு அப்புறம் இமேஜ் எடுத்தால், எத்தனை வருஷம் கழித்து இறக்கினாலும் ஒத்துப் போகும். ஆனால் போட்டபின் எடுத்த இமேஜுக்குத்தான் பலன். ஜூனில் எடுத்ததற்கு நேற்று போட்டுப் பிரயோசனமில்லை. சாருக்கு இந்த வழி பிடிக்கவில்லை. பாஸ்வேர்டு என்றைக்கும் மாறாது என்றால், அந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைத் திருடியவன் கையிலும் என்றைக்கும் செல்லுபடியாகும் சாவி இருக்கும். முழுக்க நிறுத்தாமல் 30 நாளை 90, 120 என்று நீட்டும் பாலிசியும் உண்டு. அது நடுவழி.

இன்னொரு வழி, டொமைனில் சேர்ப்பதற்கு முன்னாலேயே இமேஜ் எடுத்துவிட்டு, இறக்கியபின் ஒரு ஸ்கிரிப்ட்டால் சேர்ப்பது. ஒரே இமேஜைப் பல சிஸ்டத்துக்குப் போடுவதாக இருந்தால் இதுதான் ஒரே நேர்மையான வழி, அதோடு சிஸ்பிரெப் என்ற கருவியில் ஜெனரலைஸ் பண்ணியும் வைக்க வேண்டும். டொமைனில் இருக்கும் ஒரு சிஸ்டத்தை அப்படியே முப்பதுக்குக் குளோன் பண்ணினால் முப்பதும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. அதில் ஏதோ ஒன்று 30 நாள் கழித்துப் பாஸ்வேர்டை மாற்றிய நிமிஷம் மற்ற இருபத்தொன்பதும் வெளியே. ஆனால் தன் சொந்த இமேஜைத் தனக்கே போடும்போது சிஸ்பிரெப் வேண்டாம். அது டொமைன் உறவையே துடைத்துவிடும்.

ரீஸ்டார்ட் பண்ணினால் பழைய நிலைக்குத் திரும்பும் டீப் ஃப்ரீஸ் மாதிரி சாஃப்ட்வேர் உள்ள லேப்களிலும் இதே வியாதி வரும், தினமும் பின்னோக்கிப் போகிறதே! அதனால்தான் அதன் நெட்வொர்க் பதிப்பில் இந்தப் பாஸ்வேர்டைத் தனியாகக் கவனித்துக்கொள்ள ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். நிறுவும்போது அதைப் பாருங்கள்.

இதில் சார் சொன்ன இன்னொன்று என்னைத் திடுக்கிட வைத்தது. அன்றைக்கு நாங்கள் தப்பித்தது லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு எல்லாச் சிஸ்டத்துக்கும் ஒன்றாக இருந்ததால். அப்படி இருப்பது பாதுகாப்பில்லை என்று மைக்ரோசாஃப்ட் லாப்ஸ் என்ற முறையைக் கொடுத்திருக்கிறது. அது லோக்கல் அட்மின் பாஸ்வேர்டையும் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் வேறாக வைத்து, அடிக்கடி மாற்றி, சர்வரில் எழுதி வைக்கும். ஜூன் இமேஜை இறக்கினால் அந்தப் பாஸ்வேர்டும் ஜூனுக்குப் போய்விடும், சர்வரில் இருப்பது அக்டோபர். வாசலும் பூட்டு, கொல்லையும் பூட்டு! விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து லாப்ஸ் இப்படி இமேஜ் பின்னோக்கிப் போனதைத் தானாகக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்கிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள், இமேஜ் எடுக்கும் அன்றைய லோக்கல் பாஸ்வேர்டைப் பாதுகாப்பாகக் குறித்து வைக்க வேண்டியதுதான்.

அப்படி எந்த வழியும் இல்லாமல் மாட்டிக்கொண்டால், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு லாகின் பண்ணிப் பாருங்கள். விண்டோஸ் சாதாரணமாகக் கடைசியாக வந்த 10 பேரின் லாகின் விவரத்தைத் தன்னிடமே சேமித்து வைத்திருக்கும். சர்வரைக் கேட்க முடியாதபோது அதை வைத்து உள்ளே விடும். ஆனால் இமேஜ் எடுத்த அன்றைக்கு யார் அதில் இருந்தார்களோ அவர்கள்தான், அன்றைக்கு அவர்கள் வைத்திருந்த பாஸ்வேர்டுதான்.

எங்கள் லேபில் நாங்கள் எடுத்த முடிவு பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. பாலிசியில் கை வைக்கவில்லை. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, அப்டேட் எல்லாம் முடிந்தபின், புது இமேஜ். அவசரத்தில் பழசை இறக்க வேண்டி வந்தால், இறக்கியதும் ரிப்பேர் கட்டளை, லாகின் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஷட் டவுன். ஹார்ட் டிஸ்க் அண்ணனின் பீரோவுக்குள். அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி, இமேஜ் எடுத்த தேதியைப் பேனாவால் எழுதுகிறோம். எழுதுவது என் வேலை. மளிகை நோட்டு எழுதிய கைதானே, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அண்ணன் சொல்கிறார். இதுவரை ஐந்து பிளாஸ்திரி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியாகிவிட்டது.